புது கம்ப்ரசர் வாங்கும் முன்: மண்டபம் பக்கத்து மீன் கம்பெனி அனுபவம்

லைனில் காற்று பத்தவில்லை என்றால் எல்லாரும் முதலில் சொல்வது, கம்ப்ரசர் சின்னது, பெரிசு ஒன்று வாங்கணும் என்பதுதான். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். இந்தக் கடற்கரையில் நான் பார்த்தவரை கம்ப்ரசர் சின்னதாக இருந்த இடம் குறைவு. அது அமுக்கித் தரும் காற்றில் ஒரு பங்கு மெஷினுக்கே வந்து சேராத இடம்தான் அதிகம். உப்பும் ஈரமும் சேர்ந்து பைப்பைத் தின்கின்றன, தின்ற இடத்தில் காற்று போகிறது, போன காற்றை ஈடுகட்ட பிரஷரை ஏற்றுகிறோம், ஏற்றினால் அதே ஓட்டையில் இன்னும் அதிகமாகப் போகிறது. இந்தச் சுற்றை உடைக்காமல் எத்தனை மெஷின் வாங்கி வைத்தாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

மீன் கம்பெனி என்றதும் பலருக்கு அமோனியா கம்ப்ரசர்தான் ஞாபகம் வரும். அது குளிருக்கு. நான் சொல்வது காற்று கம்ப்ரசர். நண்டுச் சதை டின்னை மூடும் சீமர், மெட்டல் டிடெக்டரில் சிக்கிய பாக்கெட்டைத் தள்ளிவிடும் சிலிண்டர், அட்டைப் பெட்டிக்கு ஸ்ட்ராப் போடும் மெஷின், ஃப்ரீசர் லைனில் இருக்கிற வால்வுகள் என்று எல்லாமே இதை நம்பித்தான் ஓடுகின்றன. காற்று சும்மா கிடைப்பதுதானே என்ற நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது. வெளியே இருக்கிற காற்றில் 8 பங்கை அமுக்கி 1 பங்காக்கினால்தான் 7 கேஜி பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ) வரும், அதற்குக் கொடுக்கிற கரண்ட்டில் 80 சதவீதத்துக்கு மேல் சூடாகவே வெளியேறிவிடும். நல்ல நிலையில் இருக்கிற ஸ்க்ரூ கம்ப்ரசருக்கே 100 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 100 கன அடி) காற்று கொடுக்க ஏறக்குறைய 17, 18 கிலோவாட் வேண்டும். ஒரு தொழிற்சாலைக்குள் இதைவிட விலை கூடிய சக்தி வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் கம்பெனியில் பிரச்சினை சீமரில் ஆரம்பித்தது. டின் மூடும் வேகம் குறைந்தது. ஆபரேட்டர் தம்பி வந்து, "அண்ணே, காத்து பத்தலண்ணே, கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்பான், ஷிஃப்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் அரை கேஜி ஏற்றிவிடுவார்கள், கொஞ்ச நாளுக்குச் சரியாக இருக்கும், மறுபடியும் அதே பாட்டு. இப்படியே 6.5-ல் ஓட வேண்டிய லைன் 8 வரைக்கும் வந்துவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர் பார்த்துவிட்டு 55 கிலோவாட் மெஷினுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார், லைனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்கவில்லை. மேனேஜர் கையெழுத்துப் போடுகிற நிலையில் இருந்தார். மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும் பொறுங்கள் சார், ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

தடைக்காலம் இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போவதால் நண்டு வரத்து முழுசாக நிற்காது, ஆனாலும் ராத்திரி ஷிஃப்ட் இருக்காது, லைனை நிறுத்திப் பார்க்க நேரம் கிடைக்கும். வேறு ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காத்திருக்க வேண்டிய வேலையை நாம் இங்கே நிதானமாகச் செய்யலாம்.

டெஸ்ட் ரொம்ப எளிது, ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். காற்று உபயோகிக்கிற எல்லா மெஷினையும் நிறுத்த வேண்டும், ஆனால் மெஷினுக்குப் போகிற வால்வுகளை மூடக் கூடாது, ஏனென்றால் மெஷினுக்குள் இருக்கிற லீக்கும் கணக்கில் வர வேண்டும். கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். யாரும் காற்று எடுக்காதபோது லீக் இல்லாத லைன் என்றால் ஒரு தடவை பிரஷர் ஏறி அப்படியே நிற்க வேண்டும். நிற்காது. இறங்கும், கம்ப்ரசர் லோடு எடுக்கும் (காற்றை அமுக்கும்), பிரஷர் மேலே போகும், அன்லோடு ஆகும் (அமுக்காமல் சும்மா ஓடும்), திரும்ப பிரஷர் இறங்கும். லோடில் எத்தனை செகண்ட், அன்லோடில் எத்தனை செகண்ட் என்று ஏழெட்டு சுற்று எழுதிச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை இரண்டும் சேர்ந்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் லீக் பங்கு. எங்களுக்கு லோடு 70 செகண்ட், அன்லோடு 130 செகண்ட். 70-ஐ 200-ஆல் வகுத்தால் 35 சதவீதம். எங்கள் 37 கிலோவாட் மெஷின் 220 சிஎஃப்எம் கொடுக்கும், அதில் 77 சிஎஃப்எம் யாருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 13 கிலோவாட். நாள் முழுக்க ஓடுகிற லைன், யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்கு மேல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் கணக்குக் காட்டினால் பின்னால் முதலாளி உங்களை நம்ப மாட்டார். லீக்கை அடைத்தவுடன் இந்த 13 கிலோவாட்டும் அப்படியே பில்லில் குறையாது. அன்லோடில் ஓடும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரசர், முழு லோடில் இழுப்பதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் லீக்கை அடைத்த பிறகு தேவையில்லாத நேரத்தில் மெஷின் தானாக நிற்கிற மாதிரி டைமரையும் பார்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் முழுப் பலன்.

சரி, லீக் எங்கே இருந்தது? நான் தடியான மெயின் பைப்பில்தான் நிறைய இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அப்படியேதான் இருந்தது. முக்கால்வாசி மெஷின் பக்கத்துக் கடைசிச் சில மீட்டரில். புஷ் ஃபிட் கனெக்டரில் பியூ டியூப்பை (பிளாஸ்டிக் காற்றுக் குழாய்) நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டிச் செருகியது, ஏர் கன் ஹோஸின் கிளிப் துருப்பிடித்து லூஸானது, ரெகுலேட்டருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் விரிசல், டெஃப்லான் டேப் சுற்றாமல் முறுக்கிய நிப்பிள். மீன் கம்பெனியில் இன்னொன்றும் உண்டு: தரையையும் மெஷினையும் தினமும் குளோரின் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம், உப்புக் காற்றோடு இதுவும் சேர்ந்தால் ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) மரை வெட்டிய இடம், அங்கேதான் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், சீக்கிரமே அரித்துவிடும். சுவரோரம் முழங்கால் உயரத்தில் ஓடின பைப்பின் ஜாயிண்டுகள் எல்லாம் அப்படித்தான் போயிருந்தன.

கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் நல்லது, மெஷின் ஓடும்போதே சத்தத்துக்கு நடுவிலும் காட்டும். எங்களிடம் இல்லை. ராத்திரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காதை வைத்தே பாதியைப் பிடித்துவிடலாம், மீதிக்கு சோப்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷும். ஒவ்வொரு லீக்கிலும் சிவப்பு ரிப்பன் கட்டினோம், சரி செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அப்புறம், லைனில் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள். பேக்கிங்கில் இருக்கிற ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, இந்த மெஷினுக்கு அடியில கால்மாட்டுல எந்நேரமும் சில்லுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கு, அதையும் பாருங்க." பார்த்தால் மெஷின் உள்ளே சிலிண்டரின் சீல் போய், கரண்ட்டில் திறந்து மூடுகிற சோலனாய்டு வால்வின் எக்ஸாஸ்டில் காற்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது. வெளியே பைப்பை மட்டும் தேடியிருந்தால் அது கிடைத்தே இருக்காது. 7 கேஜி பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் சுமார் 3 கிலோவாட் போகும், அந்த ஒரு இடமே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி தண்ணீர். இந்தக் கடற்கரையில் கம்ப்ரசர் வைத்திருக்கிற எல்லாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான், லீக்கைவிடவும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் லீக்குக்கும் இது ஒரு காரணம். 30 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் இங்கே சாதாரணம். அந்தக் காற்றில் 100 சிஎஃப்எம் இழுத்து 7 கேஜிக்கு அமுக்கி 40 டிகிரிக்கு ஆற்றினால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர் விழும். எங்கள் மெஷின் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு 150 லிட்டர். அது விழ வேண்டிய இடம், அமுக்கின காற்றை ஆற்றுகிற ஆஃப்டர் கூலரும் அதைச் சேர்த்து வைக்கிற ரிசீவர் டேங்க்கும். அங்கே தண்ணீரைத் தானாக வெளியே விடுகிற ஆட்டோ டிரெயின் அடைத்துக்கொண்டால் அவ்வளவும் லைனுக்குள் போகும்.

அதற்கப்புறமும் அந்த 100 சிஎஃப்எம் காற்றில் மணிக்கு 1 லிட்டர் அளவுக்கு ஆவியாகவே மீதி இருக்கும். காற்றை உலர்த்துகிற ட்ரையர் வேலை செய்யவில்லை என்றால் பைப் எங்கே குளிர்கிறதோ அங்கே அது தண்ணீராகும். மீன் கம்பெனியில் பைப் வெளியே வெயிலில் ஓடி, குளிரூட்டின ஹாலுக்குள் நுழைகிறது, அதாவது மெஷினுக்குப் பக்கத்தில் வந்துதான் தண்ணீராக மாறும். எங்கள் சீமர் வேகம் குறைந்ததற்கு அதுதான் காரணம். ஜிஐ பைப்புக்குள் தண்ணீர், அதனால் துரு, அந்தத் துருத்தூள் வந்து சோலனாய்டு வால்வையும் ஃபில்டரையும் அடைக்கிறது, சிலிண்டருக்குக் காற்று மெதுவாகப் போகிறது. கம்ப்ரசருக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது கெட்டியாகச் செங்கல் நிறத்தில் ஒரு சேறு.

ட்ரையர் ஏன் வேலை செய்யவில்லை என்றால், ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையரின் கண்டென்சர் ஃபின் உப்பில் அரித்து வெள்ளைத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. 3 டிகிரி டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக மாறுகிற வெப்பநிலை) காட்ட வேண்டிய மெஷின், லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, யாரும் கவனிக்கவில்லை. ட்ரையரைத் தொட்டுப் பார்த்து ஓடுகிறது என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, தினமும் டியூ பாயிண்ட்டை எழுதச் சொன்னோம். ஃப்ரீசருக்குள் போகிற லைனுக்கு மட்டும் இது போதாது, அங்கே பைப்புக்குள்ளேயே ஐஸ் கட்டும், அதற்கு மைனஸ் 40 டிகிரி டியூ பாயிண்ட் தரும், ஈரத்தை உறிஞ்சும் பொருள் போட்ட டெசிகன்ட் ட்ரையர் வேண்டும். ஹீட்டர் இல்லாத வகை தன்னை உலர்த்திக்கொள்ளவே 15 சதவீதம் போலக் காற்றை எடுத்துக்கொள்ளும், ஆகவே முழு பிளான்ட்டுக்கும் அதைப் போடாதீர்கள், அந்த ஒரு கிளைக்கு மட்டும் போடுங்கள்.

தண்ணீர் வருகிறது என்று லைன் கடைசியில் டிரெயின் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டு, காற்று ஓயாமல். அதை மூடிவிட்டு, மட்டம் பார்த்துத் திறக்கிற, காற்றை விடாத டிரெயின் போட்டோம். செலவு ஆகும், ஆனால் திறந்து கிடக்கிற ஒரு வால்வு சில மாதத்தில் அந்தக் காசைத் தின்றுவிடும். கிளை பைப்பை மெயினுக்கு மேல் பக்கத்திலிருந்து வளைத்து எடுக்க வேண்டும், மெயினுக்கு லேசான சரிவு வேண்டும், இந்த இரண்டையும் பைப் போடுகிற அன்றே செய்துவிட்டால் பின்னால் பாதித் தொல்லை இல்லை. பைப்பை மாற்றும்போது துரு பிடிக்காத அலுமினிய பைப்புக்கு மாறினோம். ஆனால் அதைத் துருப்பிடிக்கிற இரும்புக் கிளாம்பில் வெறுமனே மாட்டாதீர்கள், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டால் அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும், நடுவில் ரப்பர் வையுங்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுவதாக இருந்தால் 304 இங்கே புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 கேளுங்கள்.

கம்ப்ரசர் ரூமுக்கு வருவோம். மண்டபம் பக்கம் நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று ஏறினால் மணலும் உப்பும் தென்மேற்கிலிருந்து வரும், ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று மறுபக்கமிருந்து மழையோடு வரும். சக்‌ஷன் லூவர் (மெஷின் காற்று இழுக்கிற சாளரம்) கடலைப் பார்த்து இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள், இங்கே எந்தப் பக்கம் வைத்தாலும் அரை வருஷம் அது கடலைப் பார்க்கும். நாங்கள் கட்டடத்தின் உள்பக்கத் தாழ்வாரத்திலிருந்து காற்று எடுக்கிற மாதிரி மாற்றி, முன்னால் ஒரு பிரீ ஃபில்டர் வைத்தோம். உப்பு ஒட்டிய ஏர் ஃபில்டர் ராத்திரி ஈரத்தை உறிஞ்சி, காகிதம் ஊறிக் கனத்துப்போகும், வெளிப்பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். சக்‌ஷனில் 250 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு தடை கூடினால் கரண்ட் 2 சதவீதம் கூடும் என்பது எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதே கணக்கில் சக்‌ஷன் காற்று 4 டிகிரி சூடானால் 1 சதவீதம். கூலரிலிருந்து வரும் அனல் காற்றை டக்ட் போட்டு வெளியே விடாமல், அதே ரூமில் சுற்றவிட்டு, அதையே மெஷின் திரும்ப இழுக்கிற இடங்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தகர டக்ட், அவ்வளவுதான் வேலை.

கூலர் கழுவுவதைப் பற்றி ஒரு வேண்டுகோள். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் ஊர்த் தண்ணீர் உவர், கழுவிக் காய்ந்த பிறகு ஃபின்னில் உப்பு முன்னைவிட அதிகமாக இருக்கும். குடிக்கிற தண்ணீருக்கே அலைகிற மாவட்டத்தில் மெஷினுக்கு நல்ல தண்ணீரா என்று மனசு தயங்கும், எனக்கும் தயக்கம்தான். ஆனால் மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, முதலில் காய்ந்த தூசியை ஊதிவிட்டு, ஆர்ஓ தண்ணீரை மெல்லிய ஸ்ப்ரேயில் அடித்தால் சில வாளியில் முடிந்துவிடும். கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற காலத்தில் அதைவிடத் தள்ளிச் செய்யலாம்.

ஆயில், ஆயில் ஃபில்டர், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கிற செப்பரேட்டர் எல்லாம் கம்பெனி கொடுத்த மணிக்கணக்குப்படி மாற்றினால் போதும், செப்பரேட்டரில் மட்டும் பிரஷர் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ரிசீவர் டேங்க்கின் அடிப்பகுதியைத் தகுதி பெற்றவரை வைத்துத் தடிமன் பார்க்க மறக்காதீர்கள், தண்ணீர் நின்று உள்ளே அரிப்பது வெளியே தெரியாது, இது கரண்ட் மிச்சம் பிடிக்கிற விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

காற்றைத் தப்பான வேலைக்கு எடுப்பதும் லீக் மாதிரிதான். கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியைக் கலக்க யாரோ எப்போதோ 7 கேஜி லைனிலிருந்து ஒரு குழாய் இழுத்து விட்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அரை கேஜி கூடத் தேவையில்லை, ஒரு சின்ன புளோயர் போதும், மாற்றினோம். பெட்டி மேல் ஈரத்தை ஊதுகிற வெறும் பைப்புக்கு, பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுக்கிற நாசில் போட்டோம். வேர்வைக்கு உடம்பில் ஏர் கன் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள், அமுக்கின காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கண்ணும் காதும் போகும். கேட்கிறவர்களுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிரஷரைக் குறைத்தோம். ஒரேயடியாகக் குறைத்தால் எங்காவது மெஷின் நின்று எல்லாரும் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். ஒரு நேரத்தில் 0.2 கேஜி, இரண்டு மூன்று ஷிஃப்ட் பார்த்துவிட்டு அடுத்தது. ஸ்ட்ராப் மெஷினுக்கு மட்டும் அதிகம் தேவைப்பட்டது, ஒரு மெஷினுக்காக முழு பிளான்ட்டையும் மேலே வைத்திருக்காமல் அதன் பக்கத்தில் சின்ன டேங்க் ஒன்று வைத்தோம். கடைசியில் 6.3-ல் நின்றது. 1 கேஜி குறைத்தால் கரண்ட் 6, 7 சதவீதம் குறையும், மிச்சமிருக்கிற லீக்கிலும் காற்று குறைவாகப் போகும். அடுத்து எடுத்த டெஸ்டில் லீக் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. கச்சான் முடிந்து மறுபடி எடுத்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது, இந்த ஊரில் ஏறத்தான் செய்யும், அதனால்தான் டெஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டவணையில் போட்டாயிற்று.

55 கிலோவாட் மெஷின் வாங்கவில்லை. ஆனால் விஎஃப்டி (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவ்) வைத்த மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு இப்போது நடக்கிறது, இது நியாயமான கேள்வி, ஏனென்றால் பகலில் நண்டு வரத்தைப் பொறுத்துத் தேவை ஏறி இறங்குகிறது, ராத்திரியில் ஃப்ரீசர் வால்வுகளுக்கு மட்டும்தான் காற்று. லீக்கை அடைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் லீக்குக்கும் சேர்த்துப் பெரிய மெஷினாகத்தான் வந்திருக்கும். என் கருத்தில் ராத்திரிக்கு 7.5 கிலோவாட் சின்ன மெஷின் ஒன்று போதும், பகலுக்கு இருக்கிறதே போதும். விஎஃப்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டிரைவ் பேனலுக்குள் ஃபேன் இந்த உப்புக் காற்றையே இழுத்து போர்டு மேல் அடிக்கும். கொட்டேஷன் கேட்கும்போதே போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா, பேனலை மூடிய ஏசி அறையில் தனியாக வைக்க முடியுமா, கடலோர இடத்துக்கும் வாரண்டி செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.